மாணவர் கற்றல் இலக்குகளும் ஆசிரியர் மதிப்பீடும்: மைசூரு மாவட்டம் தரும் பாடம்

ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தின் பயனை மதிப்பிடும்போது, எத்தனை மைல் நீளத்திற்குக் கால்வாய் வெட்டப்பட்டது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுவதில்லை. எத்தனை ஏக்கர் நிலம் நீர் பெற்றது, கடைமடைக்குத் தண்ணீர் சென்றதா, விளைச்சல் பெருகியதா என்றும் கேட்கிறோம். கல்வித் துறையிலோ நெடுங்காலமாகக் கால்வாயின் நீளத்தையே அளந்து வந்திருக்கிறோம். பள்ளிகளின் எண்ணிக்கை, ஆசிரியர் பணியிடங்கள், வருகைப் பதிவேடு, பாடத்திட்டம் உரிய காலத்தில் முடிக்கப்பட்டதா என்ற வினா ஆகியவையே ஆய்வாளரின் குறிப்பேட்டை நிரப்பின. வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்குக் கல்வி போய்ச் சேர்ந்ததா என்ற வினா பின்னரே எழுந்தது.

அவ்வினா எழுந்தவுடன் மற்றொன்றும் உடன் எழுகிறது. குழந்தைகள் எவ்வளவு கற்றனர் என்பதைக் கொண்டு ஆசிரியரின் பணியை மதிப்பிடலாமா? மதிப்பிடலாம் எனில், எந்த அளவுகோலைக் கொண்டு, எந்த நோக்கத்துடன் மதிப்பிடுவது? இவற்றிற்கு விடை காண மைசூரு மாவட்டத்தின் அனுபவம் பெரிதும் துணைபுரிகிறது. ஆசிரியர் கல்விக்கெனத் தென்னிந்தியாவில் மத்திய அரசு நிறுவிய கல்லூரி இந்நகரில்தான் அமைந்துள்ளது. குழந்தைகளின் கற்றலைப் படிப்படியாகக் கண்ணெதிரே காட்டும் ஒரு முறையும் இம்மாவட்டத்தின் வனப்பகுதி வட்டம் ஒன்றில்தான் கர்நாடகத்தில் வேரூன்றியது.

சொல்லும் பொருளும்

முதலில் மூன்று கருத்துகளை வேறுபடுத்திக் கொள்ளுதல் நலம். ஆசிரியர் எவ்வளவு பாடம் நடத்தினார் என்பது ஒன்று. ஆண்டு இறுதியில் மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது மற்றொன்று; இதனை அடைவு எனலாம். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த நிலையிலிருந்து மாணவர் எவ்வளவு தூரம் கடந்து வந்தார் என்பது மூன்றாவது, இது வளர்ச்சி. ஆசிரியரின் உழைப்பு இம்மூன்றிலும் கலந்துள்ளது என்றாலும், அது மிகத் தெளிவாகப் புலப்படுவது மூன்றாவதில்தான். அடைவு என்பது குடும்பத்தின் வசதி, பெற்றோரின் கல்வி, முந்தைய ஆசிரியர்களின் பணி ஆகியவற்றின் கூட்டுத்தொகை. வளர்ச்சியிலும் இவற்றின் சாயல் இருக்கவே செய்யும். எனினும் அதன் பெரும்பகுதி அவ்வாண்டின் வகுப்பறையைச் சார்ந்தது.

கற்றல் இலக்கு என்பது, ஒரு குறிப்பிட்ட காலத்திற்குள் மாணவர் எதனைச் செய்யக் கூடியவராக வேண்டும் என்பதைக் கண்டறியத்தக்க சொற்களில் முன்கூட்டியே கூறும் கூற்று. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1999இல் தொடங்கப்பட்ட ஒரு சோதனைத் திட்டத்தில், ஆசிரியர்கள் தத்தம் வகுப்பின் நிலையை அறிந்து, ஆண்டுதோறும் தாமே இத்தகைய இலக்குகளை எழுதி, தலைமையாசிரியரின் இசைவைப் பெற்று, ஆண்டிறுதியில் அவை நிறைவேறினவா என்பதற்கான சான்றுகளை அளித்தனர். பின்னர் அந்நாட்டின் பல மாநிலங்களில் இம்முறை ஆசிரியர் மதிப்பீட்டின் ஒரு கூறாக ஏற்கப்பட்டது. மாணவர் வளர்ச்சியை மதிப்பீட்டில் சேர்க்குமாறு மாநிலங்களை நெருக்கிய மத்திய அரசின் போக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது.

நம் நாட்டில் இலக்குகள் வந்த வழி

கற்றலை இலக்குகளாகப் பகுத்துக் கூறும் சிந்தனை நமக்குப் புதியதன்று. 1956இல் கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை வெளியிட்ட பெஞ்சமின் புளூம் அதனை அடுத்த ஆண்டுகளில் இந்தியாவிற்கு வந்து தேர்வுச் சீர்திருத்தம் பற்றிய பயிலரங்குகளை நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு அமைக்கப்பட்டது. 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் தோன்றியது. அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் 1963இல் நிறுவப்பட்டன. மைசூர்க் கல்லூரி, இன்று மண்டலக் கல்வி நிறுவனம் என்ற பெயருடன், தென் மாநிலங்களின் ஆசிரியர் கல்விக்குத் துணைநின்று வருகிறது. பாட அறிவையும் கற்பிக்கும் திறனையும் ஒருங்கே அளிக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பும், அதனோடு இணைந்த செயல்முறை விளக்கப் பள்ளியும் அதன் தனிச் சிறப்புகள்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, ஆர். எச். தவே தலைமையிலான குழு தொடக்க நிலைக்கான குறைந்தபட்சக் கற்றல் அடைவு நிலைகளை வகுத்தது. அதன் அறிக்கை 1991இல் வெளிவந்தது. மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றில் ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தை பெறவேண்டிய திறன்கள் முதன்முறையாக நாடு தழுவிய அளவில் வரிசைப்படுத்தப்பட்டன. 2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் தொடக்கக் கல்விக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. அதே ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் திருத்தப்பட்டு, வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் கற்றல் விளைவுகள் விதிகளில் இடம்பெற்றன. 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், இரண்டாம் வகுப்புக் குழந்தை நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும், 999 வரையுள்ள எண்களை அறிய வேண்டும் என்பன போன்ற இலக்குகளைத் தெளிவாக வரையறுத்தது.

ஆக, இலக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஆசிரியரின் அன்றாடப் பணியோடு எவ்வாறு பிணைப்பது என்பதே சிக்கல். இச்சிக்கலுக்கு ஒரு வழியை, மைசூரு நகருக்குத் தென்மேற்கே உள்ள ஹெக்கடதேவனகோட்டே வட்டத்தில் காணலாம்.

ஏணியும் படிகளும்

ஹெக்கடதேவனகோட்டே வட்டம் நாகரஹொளே, பண்டிப்பூர் வனங்களை ஒட்டியது. 1974இல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணை இவ்வட்டத்தில்தான் உள்ளது. ஜேனு குருபர் முதலிய பழங்குடி மக்கள் இங்கு கணிசமாக வாழ்கின்றனர். கர்நாடகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களாக மத்திய அரசு அடையாளம் கண்ட இரண்டில் ஜேனு குருபரும் ஒருவர்; மற்றவர் கொரகர். இவர்களுடைய குழந்தைகள் வீட்டில் பேசும் பேச்சு பாடநூல் கன்னடத்தினின்று வேறுபட்டது. அண்டையிலுள்ள குடகு மாவட்டத்தின் காப்பித் தோட்டங்களுக்குப் பெற்றோர் வேலை தேடிச் செல்லும்போது குழந்தைகளும் உடன் செல்வதுண்டு. ஒரே வகுப்பில், ஒரே நாளில், ஒரே பாடத்தை அனைவருக்கும் நடத்தும் முறை இத்தகைய சூழலில் எவ்வாறு பலன் தரும்?

1995இல் யுனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன் இவ்வட்டத்தின் சில பள்ளிகளில் நலி கலி என்ற முறை தொடங்கப்பட்டது. மகிழ்ந்து கற்றல் என்பது அப்பெயரின் பொருள். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் நடைபெற்ற பல்வகுப்புக் கற்பித்தல் முயற்சியைக் கண்டு வந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களே இம்முறையை உருவாக்குவதில் முன்னின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் பயிற்சி அட்டைகள் ஆயத்தமாயின. அப்படிகளின் வரிசைக்குக் கற்றல் ஏணி என்று பெயர். ஏணி என்ற சொல் கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றே.

குழந்தை ஒரு படியை முடித்த பின்னரே அடுத்த படிக்குச் செல்கிறது. சில நாட்கள் வராமல் இருந்து திரும்பும் குழந்தை, விட்ட படியிலிருந்து தொடர்கிறது. வகுப்பு முன்னேறிவிட்டது என்பதற்காக அது பின்தங்கிய குழந்தையாகிவிடுவதில்லை. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், ஓரளவு உதவி தேவைப்படுவோர், உடன் பயில்வோரின் துணையுடன் கற்போர், தாமே கற்போர் எனக் குழந்தைகள் குழுக்களாக அமர்கின்றனர். அவர்கள் எழுதுவதற்கென்றே சுவரின் அடிப்பகுதியில் தாழ்வான கரும்பலகைகள் அமைந்துள்ளன. எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை முன்னேற்றப் பதிவு காட்டுகிறது. 2009-10 கல்வியாண்டில் இம்முறை மாநில முழுவதிலும் கன்னட வழி அரசுத் தொடக்கப் பள்ளிகளின் கீழ்வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையும் இதே ரிஷிவேலி மரபைச் சார்ந்தது.

ஆசிரியர் மதிப்பீட்டை நோக்க, இந்த ஏணிக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. ஏணியின் பதிவு ஆண்டிறுதியில் மேலதிகாரிக்கு அனுப்புவதற்காக எழுதப்படுவதன்று. நாளை எந்தக் குழந்தைக்கு எந்த அட்டையைத் தருவது என்பதை முடிவு செய்யவே அது எழுதப்படுகிறது. ஆகவே பதிவு உண்மையாக இருத்தல் ஆசிரியருக்கே தேவை. எட்டாம் படியில் நிற்கும் குழந்தையைப் பன்னிரண்டாம் படியில் நிற்பதாக எழுதினால், மறுநாள் அக்குழந்தையின் கையில் அதனால் வாசிக்க இயலாத அட்டையே வந்து சேரும். பொய்ப் பதிவின் தண்டனையை முதலில் பெறுவது குழந்தையே. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, மதிப்பீட்டின் கணக்கிற்குச் செல்வோம்.

ஒரு கணக்கு

விளக்கத்திற்காக இரு வகுப்புகளைக் கற்பனை செய்து கொள்வோம். இரண்டிலும் 30 குழந்தைகள். இலக்கு, எளிய பத்தி ஒன்றைப் பொருளுணர்ந்து வாசித்தல். முதலாவது வகுப்பு நகரப் பள்ளியில் உள்ளது. ஜூன் மாதத்திலேயே 24 குழந்தைகள் இத்திறனைப் பெற்றிருந்தனர். மார்ச் மாதத்தில் 27 பேர் பெற்றனர். இரண்டாவது வகுப்பு வனத்தை ஒட்டிய சிற்றூரில் உள்ளது. ஜூனில் 3 குழந்தைகளே இத்திறனைப் பெற்றிருந்தனர். மார்ச்சில் 18 பேர் பெற்றனர்.

தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் நோக்கும் அதிகாரி, முதல் ஆசிரியருக்கு 90, இரண்டாம் ஆசிரியருக்கு 60 என்று குறித்துக்கொள்வார். பாராட்டு ஒருவருக்கும் விளக்கம் கோரும் கடிதம் மற்றவருக்கும் செல்லும். வளர்ச்சியை நோக்குவோமாயின் படம் மாறுகிறது. முதல் வகுப்பில் திறன் பெறாதிருந்த 6 பேரில் 3 பேர், அதாவது 50 விழுக்காட்டினர், அதனைப் பெற்றனர். இரண்டாம் வகுப்பில் 27 பேரில் 15 பேர், அதாவது ஏறத்தாழ 56 விழுக்காட்டினர், பெற்றனர். எண்ணிக்கையில் நோக்கின் 3 குழந்தைகளுக்கு எதிரே 15 குழந்தைகள்.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. இரண்டாம் வகுப்பில் எஞ்சிய 12 குழந்தைகள் எழுத்து நிலையிலிருந்து சொல் நிலைக்கோ, வாக்கிய நிலைக்கோ உயர்ந்திருக்கலாம். தேர்ச்சி விழுக்காடு அவர்களைத் தோல்வியாகவே எண்ணும். ஏணியின் பதிவோ அவர்கள் ஏறிய படிகளைக் காட்டும். முதல் வகுப்பில் ஜூனிலேயே திறன் பெற்றிருந்த 24 குழந்தைகள் அவ்வாண்டில் மேற்கொண்டு என்ன கற்றனர் என்ற வினாவையும் ஏணி எழுப்பும். தேர்ச்சி விழுக்காடு அவ்வினாவை எழுப்புவதே இல்லை. நன்கு கற்கும் குழந்தைகளின் தேக்கநிலை புள்ளிவிவரத்தில் வெற்றியாகத் தோற்றமளிப்பது இவ்வாறுதான்.

சிறிய பள்ளிகளில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. 12 குழந்தைகள் உள்ள வகுப்பில் இருவர் பெற்றோருடன் காப்பித் தோட்டத்திற்குச் சென்றுவிட்டால், விழுக்காடு ஏறத்தாழ 17 புள்ளிகள் சரியும். இதற்கும் ஆசிரியரின் திறமைக்கும் தொடர்பில்லை. எனவே சிறு எண்ணிக்கையில் விழுக்காட்டை நம்பி ஓராண்டு விளைவைக் கொண்டு எவரையும் தீர்ப்பிடுதல் கூடாது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் விளைவுகளைச் சேர்த்து நோக்குதலும், குழந்தைகளைப் பெயர் வாரியாகப் பின்தொடர்தலும் இன்றியமையாதவை.

ஆய்வு கூறும் உண்மை

மாணவர் முன்னேற்றத்தை ஆசிரியர் நலனோடு இணைத்தால் கற்றல் உண்மையிலேயே உயருமா? இவ்வினாவிற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த ஆய்வு உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 முதல் நடைபெற்ற சோதனையின் முடிவுகளைக் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் 2011இல் வெளியிட்டனர். 100 பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனித்தனியேயும், 100 பள்ளிகளில் ஆசிரியர் குழுவிற்குப் பொதுவாகவும் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 100 பள்ளிகள் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்டன. ஊக்கத்தொகை சராசரியாக ஆண்டு ஊதியத்தில் 3 விழுக்காட்டளவே. தொடக்க நிலையிலிருந்து மாணவர் பெற்ற முன்னேற்றமே அதற்கு அடிப்படை.

இரண்டாண்டு முடிவில் ஊக்கத்தொகைப் பள்ளிகளின் மாணவர்கள் கணிதத்தில் 0.27 திட்ட விலக்கமும், மொழியில் 0.17 திட்ட விலக்கமும் கூடுதலாகப் பெற்றிருந்தனர். ஊக்கத்தொகை அறிவிக்கப்படாத அறிவியல், சமூகவியல் பாடங்களிலும் அவர்கள் மேம்பட்டிருந்தனர். ஆசிரியர்களின் வருகையில் மாற்றம் காணப்படவில்லை. பள்ளிக்கு வந்த நாட்களில் அவர்கள் செய்த பணியே மாறியிருந்தது. வருகைப் பதிவேடு காட்டாத ஒன்றை இலக்கு வெளிக்கொணர்ந்தது எனலாம். வீட்டுப்பாடம், கூடுதல் வகுப்பு, பயிற்சித் தேர்வு ஆகியன பெருகின.

இந்த ஆய்விலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஆசிரியர் முயன்றால் கற்றல் உயரும் என்பது ஒன்று. சூழ்நிலையைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்பதற்கு நியாயமில்லை. அளவீடு வளர்ச்சியைப் பற்றியதாகவும், தேர்வு வெளியாரால் நேர்மையாக நடத்தப்பட்டதாகவும் இருந்தமையே நற்பலனுக்கு வழிவகுத்தது என்பது மற்றொன்று. அவ்விரு நிபந்தனைகளும் இல்லாத இடங்களில் நேர்ந்தது என்ன என்பதை வரலாறு காட்டுகிறது.

வரலாறு தரும் எச்சரிக்கை

இங்கிலாந்தில் 1862இல், ராபர்ட் லோ கல்விப் பொறுப்பில் இருந்தபோது, ஒரு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி பள்ளிகளின் மானியம், மாணவர்களின் வருகையையும், ஆய்வாளர் நடத்தும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வையும் பொறுத்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காக வாசிப்புப் புத்தகத்தைக் குழந்தைகள் மனப்பாடம் செய்தனர். பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த மாத்யூ ஆர்னால்டு தம் அறிக்கைகளில் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானிய முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறையில் இருந்தது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு இதனை விரிவாக ஆராய்ந்து, கல்லூரிகளுக்கு இம்முறை பொருந்தாது என்று கருதியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளிலும் இது கைவிடப்பட்டது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். தேர்வு மதிப்பெண் இலக்குகளை எட்டாத பள்ளித் தலைவர்கள் பதவிக்கு அஞ்ச வேண்டிய நிலை அங்கு உருவாயிற்று. 2011இல் மாநில அரசின் புலனாய்வு, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் விடைத்தாள்கள் திருத்தப்பட்டமை முதலிய முறைகேடுகளைக் கண்டறிந்தது. 178 கல்விப் பணியாளர்களின் பெயர்கள் அறிக்கையில் இடம்பெற்றன. அக்குழந்தைகள் தேர்ச்சி பெற்றவர்களாக எழுதப்பட்டனர். ஆகவே அவர்களுக்குத் தேவையான தனிக் கவனம் மறுக்கப்பட்டது.

பொருளியலில் இதற்கு விளக்கம் உண்டு. பல பணிகளை ஒருங்கே ஆற்றும் ஒருவருக்கு, அளக்கக்கூடிய பணிக்கு மட்டும் பரிசளித்தால், அளக்க இயலாத பணிகளிலிருந்து அவரது கவனம் விலகும் என்பதை 1991இல் பெங்க்ட் ஹோல்ம்ஸ்ட்ரம், பால் மில்குரோம் ஆகியோர் நிறுவினர். வாசிப்பையும் கணக்கையும் அளக்கலாம். அச்சத்தோடு வந்த குழந்தையைப் பேச வைத்தமை, இடைநின்ற சிறுமியின் வீட்டிற்குச் சென்று அவளைத் திரும்ப அழைத்து வந்தமை ஆகியவற்றை எந்தத் தேர்வும் அளப்பதில்லை. அன்றியும், கற்கத் தடுமாறும் குழந்தையை மீண்டும் சேர்த்துக்கொண்டமைக்காகவே ஆசிரியரின் சராசரி குறையுமாயின், அம்மதிப்பீடு அறத்திற்கு மாறானது.

நடப்பிலுள்ள ஏற்பாடுகள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரையறுக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதல் பயிற்சி அளிப்பது அவற்றுள் ஒன்று. சட்டம் இங்கு தேர்ச்சி விழுக்காட்டைக் கோரவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் அறிந்து செயல்படுவதையே கோருகிறது. இதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த பிற பணிகளுக்கு ஆசிரியரைப் பயன்படுத்தலாகாது என்கிறது. ஆசிரியரிடம் விளைவைக் கேட்கும் நிர்வாகம், அவரது நேரத்தைக் காத்துத் தரும் கடமையையும் ஏற்க வேண்டும் என்பதே இவ்விரு பிரிவுகளையும் இணைத்துப் படிப்பார்க்குக் கிடைக்கும் பொருள்.

2013இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணித்திறன் குறியீடுகளை வெளியிட்டது. கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுதல், பாட அறிவு, கற்பிக்கும் உத்திகள், மனித உறவுகள், தொழில்சார் வளர்ச்சி, பள்ளி மேம்பாடு, வருகை என ஏழு தரநிலைகள் அதில் அடங்கும். ஆசிரியர் முதலில் தம்மைத் தாமே நான்கு நிலை அளவுகோலில் மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பது இதன் சிறப்பு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பணி உயர்விற்குச் சக ஆசிரியர் கருத்து, வருகை, ஈடுபாடு, தொடர் பயிற்சி முதலிய பல கூறுகளைக் கருத வேண்டும் என்று கூறுகிறது.

தேசிய அடைவு ஆய்வு 2017, 2021 ஆகிய ஆண்டுகளிலும், பரக் தேசிய ஆய்வு 2024 டிசம்பரிலும் நடைபெற்றன. இவை மாதிரி ஆய்வுகள். மாவட்டத்தின், மாநிலத்தின் நிலையை அறிவதற்கு உரியவை. இவற்றைக் கொண்டு தனி ஆசிரியரை மதிப்பிடுதல், மாவட்ட மழையளவைக் கொண்டு ஒரு வயலின் ஈரத்தைக் கூறுவதை ஒக்கும்.

நடைமுறைக்கு ஒரு வரைவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து, பள்ளியளவில் பின்பற்றத்தக்க முறையொன்றைக் கூறலாம்.

முதலாவதாக, ஆண்டின் முதல் மாதத்தில் தொடக்க நிலை அறியப்பட வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கவும் கணக்கிடவும் செய்து, அதன் படியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, இலக்கு தெளிவாக எழுதப்பட வேண்டும். "வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்பது விருப்பமேயன்றி இலக்காகாது. "இரண்டாம் வகுப்பின் 24 குழந்தைகளில், எழுத்துகளை மட்டும் அறிந்த 9 பேரும் டிசம்பருக்குள் சொற்களை வாசிப்பர், அவர்களுள் 5 பேரேனும் மார்ச்சுக்குள் வாக்கியங்களை வாசிப்பர், ஏற்கெனவே வாக்கியம் வாசிக்கும் 5 பேர் பத்தி வாசித்து வினாக்களுக்கு விடையளிப்பர்" என்பது இலக்கு. இங்கு ஒவ்வொரு நிலையிலுள்ள குழந்தைக்கும் இடமுண்டு. இலக்கை எழுதுபவர் ஆசிரியர். அது மிக எளிதாகவோ எட்டாததாகவோ இல்லாதவாறு காண்பவர் தலைமையாசிரியர்.

மூன்றாவதாக, ஆண்டின் நடுவில் இலக்கைத் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும். குழந்தைகள் இடம்பெயர்தல், ஆசிரியர் மாற்றம், நீண்ட விடுமுறை ஆகியன எழுத்தில் பதிவாக வேண்டும். குழந்தைகள் தங்கிய நாட்கள் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

நான்காவதாக, ஆண்டிறுதிச் சான்றை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். தொகுப்பு வள மையத்தைச் சார்ந்தவரோ, அண்டைப் பள்ளி ஆசிரியரோ, பெயர்ப் பட்டியலிலிருந்து சில குழந்தைகளைத் தேர்ந்து வாசிக்கச் செய்தல் போதும். சரிபார்ப்பின் நோக்கம் குற்றம் காணுதலன்று; பதிவின் மீது அனைவருக்கும் நம்பிக்கை உண்டாக்குதலே.

ஐந்தாவதாக, முடிவு ஆசிரியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டில் இடம்பெறும் ஒவ்வொரு குறிப்பும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுஆண்டு மத்திய அரசுப் பணிகளில் இதற்கான ஆணையும் பிறந்தது. ஆண்டின் தொடக்கத்தில் பணியை வரையறுத்தல், இறுதியில் தாமே மதிப்பிட்டு எழுதுதல், மேலதிகாரியின் கருத்தை அறிதல், மறுப்பிருப்பின் தெரிவித்தல் ஆகிய உரிமைகள் அலுவலகத்தில் அமர்ந்திருப்போருக்கு உண்டெனில், வனத்தை ஒட்டிய ஓராசிரியர் பள்ளியில் பணிபுரிபவருக்கு அவை மறுக்கப்படுவது முறையாகாது.

ஆறாவதாக, இலக்கு எட்டப்படாதபோது முதலில் செல்ல வேண்டியது உதவி. பயிற்சி வேண்டுமா, அட்டைகள் குறைந்தனவா, குழந்தையின் தாய்மொழியை அறிந்த துணையாளர் தேவையா என்பனவற்றை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆராய வேண்டும். உதவி கிடைத்த பின்னரும் தொடர்ந்து பல ஆண்டுகள் முயற்சியே இல்லாதிருப்பின், அப்போது நிர்வாக நடவடிக்கை நியாயமாகும். இவ்வரிசை தலைகீழாகலாகாது.

முடிவுரை

மாணவர் கற்றலை விலக்கிவிட்டு ஆசிரியரை மதிப்பிடுதல், நோயாளியைக் காணாமல் மருத்துவரை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். அதே வேளையில், ஆண்டிறுதி எண் ஒன்றையே நம்பி மதிப்பிடுதல், நோயாளி எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார் என்று கேளாமல் தீர்ப்புக் கூறுவதாகும். இவ்விரு பிழைகளுக்கும் இடைப்பட்ட வழி உண்டு. குழந்தை நின்ற படியையும் இன்று நிற்கும் படியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அவ்வழி.

அப்படிகளை உள்ளபடி எழுதக்கூடியவர் ஆசிரியர் ஒருவரே. அவர் அச்சமின்றி உண்மையை எழுதும் சூழல் இருக்குமானால், மாவட்டத்திற்கும் மாநிலத்திற்கும் நம்பத்தக்க செய்தி கிடைக்கும். அவ்வச்சத்தை நாம் வளர்த்தோமானால், பதிவேடுகளில் அனைவரும் தேறுவர். வகுப்பறையில் சில குழந்தைகள் வாசிக்கத் தெரியாமலே மேல்வகுப்பிற்குச் செல்வர். கபினிக் கரையின் சிற்றூர்களில், வீட்டு மொழி வேறாகவும் பள்ளி மொழி வேறாகவும் உள்ள குழந்தைகளுக்கு இப்பதிவின் உண்மையைத் தவிர வேறு காப்பு இல்லை. அதனைக் காக்கும் வகையில் மதிப்பீட்டு முறையை அமைப்பது, கல்வி நிர்வாகத்தில் உள்ள ஒவ்வோர் அலுவலரின் பொறுப்பாகும்.